கொடுத்தால் வருவானா?

முதல் சந்திப்பின்போது என் அறைக்குள் பெற்றோருக்கு இடமில்லை. இதைக் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒட்டியிருந்தும் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். "என் பொண்ணுக்கு எது சரிப்படும்னு எனக்குத்தான் மேடம் தெரியும்" என்பார் ஒரு அப்பா. "அப்ப நீங்களே காலேஜ்ல சேர்ந்துடுங்க சார், விண்ணப்பத்த நான் நிரப்பித் தரேன்" என்பேன். அவர் முகம் சுண்டிப்போய்ப் பள்ளி முதல்வரிடம் போவார். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பாத்துப் பேசுங்க மேடம்" என்பார். பதினாறு வருடமாகப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அறை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். மாடிப்படிக்கு அடியில் பந்தும் வலையும் போட்டுவைத்திருந்த இடம் அது. கூரை ஒரு பக்கம் சரிந்து வரும். உயரமான பிள்ளைகள் எழுந்திருக்கும்போது தலையில் இடித்துக்கொண்டு, எனக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல் சிரிப்பார்கள். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு இரும்பு அலமாரி. அலமாரியில் பிள்ளைக்கு ஒரு அட்டை. மணி அடித்தால் என் தலைக்கு மேல் மொத்தப் பள்ளியும் இறங்கி ஓடும். அது அடங்கும் வரை பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.

பள்ளியின் கடைசி வருடப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவைப்பது என் வேலை. யார் எங்கே விண்ணப்பிக்கலாம், கட்டுரையில் எதை எழுதலாம், எங்கே கிடைக்கும், எங்கே தலைகீழாக நின்றாலும் கிடைக்காது என்று சொல்கிற வேலை. பதவியின் பெயர் கவுன்சலர். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஸ்கேல். வளையாது, அடித்தால் வலிக்கும் என்பதால் அந்தப் பெயர் என்று ஒரு பழைய மாணவி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். வெளியில் முறைத்தாலும் உள்ளுக்குள் எனக்கு அதில் ஏகப் பெருமை.

எல்லாப் பிள்ளைகளிடமும் என் முதல் கேள்வி ஒன்றுதான்.

"நேத்து சாயங்காலம் நாலு மணியிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் என்ன பண்ணினே?"

திருதிருவென்று விழிப்பார்கள். சமுதாயத்துக்கு ஏதாவது செய்ய ஆசை என்றும், சின்ன வயதிலிருந்தே விஞ்ஞானம் என்றால் உயிர் என்றும் வீட்டில் உருப்போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். நாலிலிருந்து ஏழு வரை தூங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கும். தூங்கினால் தூங்கினேன் என்று எழுதிக்கொள்வேன். ஒரு பெண், பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் நடந்ததாகச் சொன்னாள். கீழே விட்டால் அழுகிறதாம். அவளுடைய கட்டுரை அங்கேயே கிடைத்துவிட்டது. ஆசையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். சாயங்காலத்தை அவரவர்தான் எழுத முடியும்.

இதை நான் கற்றுக்கொண்டது மேஜையின் அந்தப் பக்கத்தில். இங்கே வருவதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு பெரிய கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் விண்ணப்பம் படித்தேன். ஒரு கோப்புக்குப் பன்னிரண்டு நிமிடம். மதிப்பெண், ஆசிரியர் கடிதம், கட்டுரை, முடிவு. மேஜையில் இரண்டு அடுக்கு இருக்கும், வலது பக்கம் சரி, இடது பக்கம் இல்லை. அந்த ஒன்பது வருடத்தில் இடது அடுக்குத்தான் எப்போதும் உயரம்.

ஒரு நாள் காலையிலிருந்தே எனக்கு மண்டை பிளக்கிற தலைவலி. அன்று முப்பத்தொன்று கோப்பு படித்தேன். முப்பத்தொன்றும் இடது பக்கம் போயிற்று. மறுநாள் வலி விட்டதும் ஏதோ உறுத்தி, அத்தனையையும் மறுபடி எடுத்துப் படித்தேன். நான்கு பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்ளக் கூடியவர்கள். யாருக்கும் தெரியாமல் நான்கையும் வலது பக்கம் மாற்றினேன். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. இது என் முதல் தலைவலி கிடையாது. முன்பு வந்த நாட்களில் எதையும் திரும்ப எடுத்துப் படித்ததில்லை.

அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டேன். இந்தப் பள்ளிக்கு வந்தபோது எனக்கு நானே ஒரு சத்தியம் செய்துகொண்டேன். என் உடம்புக்கும் மனசுக்கும் என்ன வந்தாலும் அது எந்தப் பிள்ளையின் தலையிலும் விடியக் கூடாது. இந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன வருடம் வரைக்கும்.

போன வருடம் என் தங்கை மகள் கடைசி வகுப்புக்கு வந்தாள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நான் இருக்கும் வீட்டுக்குக் கீழ்வீட்டில் தங்கை இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் எட்டு மாதம் கடலில். பெண் ஒன்று, அவளுக்கு மூன்று வயது சின்னவனாகப் பையன் ஒன்று. இரண்டும் பாதி நாள் என் வீட்டில்தான் கிடக்கும். என் வீட்டுச் சாவி அந்தப் பெண்ணிடம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் துரு. குட்டியாக இருந்தபோது ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காராமல் துருதுருவென்று ஓடியதால் வந்த பெயர்.

"அவ உங்க சொந்தம். வெளியிலேர்ந்து வேற ஆள வச்சுப் பாக்கலாமா?" என்று முதல்வர் கேட்டார்.

"எதுக்கு? ஸ்கேலுக்குச் சொந்தம் பந்தம் தெரியாது சார்" என்றேன். அவருக்கு என் பட்டப்பெயர் தெரியும் என்பதால் சிரித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று துருவுக்கான பள்ளிக் கடிதத்தை அவரையே எழுதச் சொன்னேன். பள்ளியில் என்னை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவளிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாளே அறைக்குள் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "மேடம், எங்க பெரியம்மாவ பாத்தா சொல்லுங்க, அடுப்ப அணைக்காம வந்துட்டாங்க. நான்தான் அணைச்சேன்."

"வெளிய போ" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

அவளிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"பஸ்ல போனேன் மேடம்."

"எங்க?"

"கடைசி ஸ்டாப் வரைக்கும். அப்புறம் திரும்பி."

இரண்டு வருடமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவாள். அம்மா வேலை முடிந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் வண்டி ஐந்து நிமிடம் முன்னால் போய்விடுகிறது, அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது என்பதில் ஆரம்பித்தது. அந்த ஐந்து நிமிடத்தை மாற்றினால் எத்தனை நர்சுகளுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு, பஸ் அலுவலகத்துக்கு நான்கு கடிதம் போட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஐந்தாவதை எழுதிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குப் பஸ் எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதையே ஒரு படிப்பாகச் சொல்லித்தருகிற கல்லூரி, எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் ஒன்பது வருடம் விண்ணப்பம் படித்த அதே கல்லூரி. வேறு நான்கு இடத்துக்கும் விண்ணப்பம் போடவைத்தேன். அங்கெல்லாம் வேறு படிப்பு. "அது கெடைக்கலன்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். "கெடைக்கும் மேடம்" என்றாள். "கெடைக்கலன்னா?" என்று மறுபடி கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க சொல்றத படிப்பேன். ஆனா அது எனக்குப் புடிக்காது" என்றாள். அட்டையில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

மற்ற பிள்ளைகளைக் கட்டுரையை நான்கு முறை திருத்தி எழுதச் சொல்வேன். அவளை எட்டு முறை எழுதவைத்தேன். ஐந்தாவது முறையே நன்றாக இருந்தது. சொந்தக்காரப் பெண் என்று நான் விட்டுக்கொடுத்ததாக யாரும் நாக்கின் மேல் பல் போட்டுப் பேசிவிடக் கூடாது என்று கிடந்தது எனக்கு. எட்டாவது தாளை நீட்டும்போது அவள் கண் சிவந்திருந்தது.

அதே வருடம் மருந்துக்கடைக்காரர் மகனும் இருந்தான். பள்ளியில் முதல் மதிப்பெண் எப்போதும் அவனுக்குத்தான். தங்கமான பையன், பேச்சும் குறைவு. நாலிலிருந்து ஏழு வரை கடையில் அப்பாவுக்கு உதவியாகச் சீட்டுப் படித்து மருந்து எடுத்துத் தருவான். டாக்டர்கள் எழுதுவதைப் படிக்கத் தெரிந்த ஒரே மாணவன் என்று நான் கேலி செய்வேன். ஒன்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டான். முதல் ஐந்தும் மருத்துவம். ஆறாவதாகத்தான் துரு ஆசைப்பட்ட அந்தக் கல்லூரி வந்தது. அங்கே உயிரியல்.

"மருத்துவம் கெடச்சா?"

"போயிடுவேன் மேடம்."

"ஆறாவது எதுக்கு?"

"அப்பாதான் இருக்கட்டும்னு சொன்னாரு."

அவன் மதிப்பெண்ணுக்கு மருத்துவம் கிடைக்காமல் போகாது. அந்த அளவுக்கு எனக்குத் தொழில் தெரியும். அட்டையில் சிவப்பு மையில், "மருத்துவம் கிடைக்கும். ஆறாவதுக்குப் போக மாட்டான்" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

இங்கே ஒரு நடைமுறையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளி சின்னது. அந்தக் கல்லூரி எங்களிடமிருந்து வருடத்துக்கு ஒருவரைத்தான் எடுக்கும். அந்த ஒருவர் வராமல் போனால் இடம் வேறு பள்ளிக்குப் போய்விடும், எங்கள் பட்டியலில் இருக்கும் அடுத்த பிள்ளைக்குத் திரும்பாது. அதனால் முடிவு எழுதுவதற்கு முன் ஒரு போன் வரும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத போன். ஆனால் தவறாமல் வரும். பேசுகிறவன் அந்த அலுவலகத்தில் எனக்குக் கீழே வேலை பழகியவன், இப்போது அங்கே தலைமை. இன்னும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். இரண்டு கேள்விதான் கேட்பான். யார் மேல்? கொடுத்தால் வருவார்களா?

பதினைந்து வருடமாக நான் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறேன். "இவ கெட்டிக்காரி, ஆனா உங்ககிட்ட வர மாட்டா. அவன் கொஞ்சம் மட்டு, ஆனா உங்க காலேஜ தவிர வேற நெனப்பே இல்ல அவனுக்கு. அவனுக்குக் குடு" என்று எத்தனையோ முறை சொன்னதுண்டு. அவனும் என் பேச்சைக் கேட்டிருக்கிறான். ஒரு முறைகூட நான் சொன்னது பொய்த்ததில்லை.

போன வருடம் போன் வந்தது ஒரு மத்தியானம், இரண்டு மணிக்கு. மேஜையில் இரண்டு அட்டையையும் எடுத்துவைத்துக்கொண்டேன்.

"அக்கா, உங்க ஸ்கூல்லேர்ந்து ரெண்டு பேர்தான் இந்தத் தடவ கணக்குல இருக்காங்க. ஒரு பையன், ஒரு பொண்ணு. யாரு மேல?"

"மார்க்ல பையன்தான் மேல" என்றேன். அது உண்மை.

"அது தெரியுது. கொடுத்தா வருவானா?"

வாய்வரை வந்துவிட்டது. அவனுக்கு நீங்கள் ஆறாவது, அந்தப் பெண்ணுக்கு நீங்கள் ஒருவர்தான். வேறு எந்த இரண்டு பிள்ளைகளாக இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். கண்ணெதிரே சிவப்பு மையில் என் கையெழுத்தே இருந்தது. ஆனால் அந்த நொடியில் எனக்குக் கேட்டதெல்லாம் நாளைக்கு ஊர் பேசப்போகிற பேச்சு. முதல் மதிப்பெண் வாங்கியவனை விட்டுவிட்டுத் தங்கை மகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டாள் பார், பெரிய ஸ்கேலாம் ஸ்கேல். மருந்துக்கடைக்காரர் முதல்வர் அறையில் உட்கார்ந்து பேசுவதுகூடக் காதில் விழுந்தது.

"வருவான்" என்றேன்.

"நிச்சயமா?"

"வருவான்பா. குடு."

"சரிக்கா. நீங்க சொன்னா சரி" என்று வைத்துவிட்டான்.

இதைச் சொல்ல எனக்குக் கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. சொந்தத்தை ஓரம் கட்டிவிட்டு நின்றேன், எத்தனை பேரால் முடியும் என்று நினைத்தபடி வீட்டுக்கு நடந்தேன். படியில் துரு எதிரே வந்தாள். "என்ன பெரியம்மா, மூஞ்சில பல்பு எரியுது?" என்றாள். தலையைத் தடவிவிட்டு மேலே போனேன். அன்று நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. என் சமையலறை வாசலில் நின்றபடி போனில் படித்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை. முழுவதையும் படித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். "இல்லையாம்" என்றாள். பிறகு, "பரவால்ல பெரியம்மா, நீ எவ்ளோ பாடுபட்டே" என்று என் தோளில் கை வைத்தாள். வெங்காயம் நல்ல சாக்காகப் போயிற்று.

தங்கை அதற்கும் மேல். வேலை முடிந்து யூனிஃபார்மோடு நேராக மாடி ஏறி வந்து எனக்கு ஆறுதல் சொன்னாள். "நீ ஏன் மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டிருக்கே அக்கா? கெடைக்கலன்னா நீ என்ன பண்ணுவே? உள்ளூர்ல அக்கவுண்ட்ஸ் இருக்கே, அதப் படிக்கட்டும்." துரு பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது கடிதத்தை அவள் அனுப்பவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மருத்துவக் கல்லூரிகளின் முடிவு எப்போதும் கடைசியில்தான் வரும். வந்த அன்று மருந்துக்கடைக்காரர் கதவைத் தட்டாமலே என் அறைக்குள் வந்துவிட்டார். எட்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டவர் கூரையில் தலையை இடித்துக்கொண்டார். வலிகூடத் தெரியவில்லை மனுஷருக்கு. "மெடிக்கல் மேடம்! முதல் லிஸ்ட்லயே!" பின்னால் பையன் கூச்சத்தோடு நின்றிருந்தான். "அந்த இன்னொரு காலேஜுக்கு வேணாம்னு எழுதிட்டேன் மேடம்" என்றான். சந்தோஷம் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்ததுதானே. எழுதி அடிக்கோடு போட்டதுதானே.

அன்று சாயங்காலமே போன் வந்தது.

"என்னக்கா இது? வருவான்னு சொன்னீங்களே."

மேஜையில் இருந்த பையனின் அட்டையைக் கவிழ்த்துவைத்தேன்.

"எடம் வேற ஸ்கூலுக்குப் போயிடுச்சு. அத விடுங்க. எனக்கு எதுல வருத்தம்னா, அந்த பஸ் பொண்ணு இருந்தாளே, அவளுக்குத்தான் குடுக்கணும்னு நான் எழுதியே வச்சிருந்தேன். அப்படி ஒரு கட்டுரைய இந்த வருஷம் வேற யாரும் எழுதல. டிபார்ட்மெண்ட்ல இருக்கறவங்களும் அவளத்தான் கேட்டாங்க. நீங்க அவ்ளோ அடிச்சுச் சொன்னதாலதான் மாத்தினேன். உங்க வார்த்த என்னிக்கும் தப்பினதில்லையே."

"அந்தப் பொண்ணு யாருன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"யாரு?"

"என் தங்கச்சி பொண்ணு."

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நீங்க சொல்லவே இல்லையே" என்றான். பிறகு மெதுவாக, "சொல்லியிருந்தாலும் நான் தப்பா நெனச்சிருக்க மாட்டேன்" என்றான். போனை வைத்தேன்.

யார் குறை சொல்லக் கூடாதென்று நான் நேர்மையாக நடந்துகொண்டேனோ அந்த ஆளே அங்கே இல்லை. கேட்டவனுக்கு அவள் யாரென்றே தெரியாது. அவன் கேட்டது எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை. தெரிந்ததைச் சொல்ல வேண்டியதுதான் என் வேலை. தலைவலி வந்த அன்றுகூட நான் தெரிந்தே பொய் சொன்னதில்லை. இந்த முறை உடம்புக்கு ஒன்றுமில்லை, நல்ல தெளிவோடு உட்கார்ந்து, என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பிள்ளையை இடது பக்கம் தள்ளியிருக்கிறேன். அவமானமாக இருந்தது. தலைக்கு மேல் பிள்ளைகள் எல்லாரும் இறங்கிப் போய் வெகு நேரமாகியும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் துரு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னேன். போன் வந்தது, அவன் கேட்டது, அட்டையில் எழுதியிருந்தது, நான் சொன்னது, அவன் அவளுக்கென்று எழுதிவைத்திருந்தது. சொல்லி முடிக்கும் வரை அவள் தம்பியின் சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவன் மெடிக்கல் போவான்னு எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியுமே" என்றாள்.

"எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சேவா வருவான்னு சொன்னே?"

"ஆமா."

"அவருக்கு நான் யாருன்னு தெரியாதா?"

"தெரியாது."

"அப்புறம் யாருக்குப் பயந்து பெரியம்மா சொன்னே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஊருக்கு, முதல்வருக்கு, மருந்துக்கடைக்காரருக்கு என்று எது சொன்னாலும் அசிங்கமாக இருந்தது. அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. சட்டையை உதறிக் கொடியில் போட்டாள், கிளிப் மாட்டினாள். அடுத்த துணியை எடுத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

பக்கெட் காலியான பிறகுதான் மறுபடி பேசினாள். "நான் உன்கிட்ட சிபாரிசு கேக்கல."

"தெரியும்டா."

"தெரிஞ்சத சொல்லியிருந்தா போதும்."

"தெரியும்."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. இன்னிக்குச் சொல்லலாம்னு..."

"சொல்லாத." பக்கெட்டைத் தூக்கிக்கொண்டாள். "ஆஸ்பத்திரி பூரா எங்க அக்கா எங்க அக்கான்னு உன்னப் பத்திதான் பேசுவாங்க. அவங்களுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். நீ சொல்லி உன் பாரத்த எறக்கி வச்சிடுவே. அவங்க எங்க போய் எறக்குவாங்க?"

படி இறங்கிப் போய்விட்டாள். பதினேழு வயதுப் பெண் சொன்னதற்குக் கட்டுப்பட்டுத் தங்கையிடம் இன்று வரை சொல்லவில்லை.

போன மாதம் உள்ளூர்க் கல்லூரியில் அக்கவுண்ட்ஸ் வகுப்பு ஆரம்பித்தது. முதல் நாள் போய்விட்டு வந்த சாயங்காலம் தங்கை அவளையும் சின்னவனையும் இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். எனக்கு ஒரு கைப்பை வாங்கிவந்திருந்தாள், தோல் பை, அவள் வாங்குகிற விலையில்லை. வேண்டாம் என்றேன். "சும்மா வாங்கிக்கோ. நீ இல்லன்னா இந்த எடமாவது கெடச்சிருக்குமா? எத்தன நாள் இவளோட மல்லுக்கட்டினே. நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்" என்று என் மடியில் வைத்தாள்.

துரு ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன நாளிலிருந்து அவள் என் வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. படிப்பு ஆரம்பித்துவிட்டதல்லவா, நேரம் எங்கே என்று தங்கையே அதற்கும் காரணம் சொல்லிவிட்டாள்.

"இன்னும் மூணு வருஷம்" என்று சின்னவனை என் பக்கம் தள்ளினாள். "இவனையும் உன்கிட்டதான் ஒப்படைக்கப் போறேன். இப்பவே ஒரு அட்டை போட்டுடு அக்கா."

பையன் பல்லைக் காட்டினான். நான் பதில் சொல்வதற்குள் ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"வேணாம்மா. தம்பிக்கு நான் பாத்துக்கறேன்."

"நீ என்னத்தடி பாப்பே?"

"எல்லாம் பாத்துக்கறேன். எங்க போடணும், என்ன எழுதணும், எல்லாம். பெரியம்மா வேணாம்."

தங்கைக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பெரியம்மாவ வச்சுக்கிட்டு என்ன பேச்சு இது? அவங்க உனக்குச் செஞ்சதுக்கு இதுதான் மரியாதையா? மன்னிப்பு கேளு மொதல்ல."

துரு என்னைப் பார்த்தாள். கோபமில்லை, கண்ணீருமில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

"அவ சொல்றது சரிதான்" என்றேன். "அவளே பாக்கட்டும்."

"நீ குடுக்கற எடம்தான்" என்று தங்கை என்னிடமே சலித்துக்கொண்டாள். துரு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். தங்கை பின்னாலேயே திட்டிக்கொண்டு போனாள், அக்கா மனசு என்ன பாடுபடும், உனக்கெல்லாம் நன்றி இருக்கா என்று. படி முடியும் வரை அவள் குரல் கேட்டது. அந்தப் பெண் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.